லேபிள் அறைக்கு இன்னொரு நாற்காலி

அன்புள்ள குட்டிமாவுக்கு அம்மா எழுதுவது. நான் சுகமாகத்தான் இருக்கிறேன், இருமலும் விட்டுவிட்டது. நீயும் மாப்பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும். போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்றுதான் காகிதத்தை எடுத்தேன், கோபித்துக்கொள்ளாதே.

மூன்று மாதமாக உன்னிடம் ஒன்றை மறைத்து வந்திருக்கிறேன். மருந்துப் பெட்டிகளில் லேபிள் சரிபார்க்கும் எங்கள் பிரிவுக்கு ஒரு சின்னப் பெண்ணைப் புது சூப்பர்வைசராகப் போட்டார்கள். நான் வேலை கற்றுக்கொடுத்து என்னைத் தாண்டிப் போன பெண்களில் இவள் மூன்றாவது. ஏன் என்று கேட்டால், இந்த வயசுல உங்களுக்கு எதுக்கும்மா அலைச்சல் என்றார் மேனேஜர். இருபத்திரண்டு வருஷமாக ஒரு லேபிளைத் தவறவிடாத கண்ணுக்கு வயசாகிவிட்டதாம். புகார் எழுதிக் கொடுத்துவிட்டேன். மறுநாளே, விசாரணை முடியும்வரை உங்கள் நிம்மதிக்காக என்று சொல்லி என்னைப் பழைய லேபிள் அடுக்கும் அறைக்கு மாற்றினார்கள். ஒரு மேசை, ஒரு நாற்காலி, நான். சாப்பாட்டு நேரத்தில் போய் உட்கார்ந்தால், இத்தனை வருஷம் என் டப்பாவில் கை வைத்துச் சாப்பிட்டவள்கூட வேலை இருக்கு என்று எழுந்துவிடுகிறாள். பாவம், அவளுக்கும் பயம். வீட்டிலும் நான் மட்டும், அங்கேயும் நான் மட்டும். இப்போதெல்லாம் பீரோவோடு பேசுகிறேன், அது ஒன்றுதான் எதிர்த்துப் பேசாது.

பாரபட்சப் புகார் ஏன் கூடுகிறது, முதலாளிகள் எப்படிச் சிக்கலில் மாட்டாமல் இருக்கலாம் என்று நீ கம்பெனி கம்பெனியாக வகுப்பு எடுக்கிறாயே. இங்கே போன வருஷம் இரண்டு புகார், இந்த வருஷம் ஒன்பது. எல்லாருக்கும் வாய் நீண்டுவிட்டது என்கிறார் மேனேஜர். போன வருஷம் புகார்ப் பெட்டி அவர் அறை வாசலில் இருந்தது, இப்போது கழிப்பறைப் பக்கம் இருக்கிறது, அவர் கண்ணில் படாமல் போடலாம், அவ்வளவுதான். யாருக்குப் பதவி கொடுத்தோம், யாருக்கு ஏன் இல்லை என்று எழுதி வைக்கச் சொல்வாய், நல்லதுதான். புகார் கொடுத்தவளைத் தனியே உட்கார வைக்காதீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல். அவளைப் பார்த்து மற்றவர்கள் வாயை மூடிக்கொள்வார்கள், முதலாளிக்கு எல்லாம் நன்றாக நடப்பதுபோலத் தெரியும், ஒருநாள் மொத்தமாகக் கோர்ட்டுக்குப் போய் நிற்கும்.

வெள்ளிக்கிழமைக்குள் வாபஸ் வாங்கினால் பழைய இடம் என்று நேற்று ஒரு தாளை நீட்டினார்கள். பேனாவைத் திறந்துவிட்டேன், கண்ணு. சாப்பாட்டு மேசைதான் கண்ணுக்குள் நின்றது. பிறகு மூடிவிட்டு, அறைக்கு இன்னொரு நாற்காலி வேண்டும் என்றேன். யாருக்கு என்றார் மேனேஜர். அடுத்துப் புகார் எழுதப் போகிறவளுக்கு என்றேன். இன்று காலை நாற்காலி வந்திருந்தது, யார் போட்டார்கள் என்று தெரியவில்லை. துடைத்து எதிரே போட்டுக்கொண்டு சாப்பிட்டேன். இன்னும் யாரும் வரவில்லை.

இரண்டு பேரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருங்கள். கண்ணாடியை மாற்று, தள்ளிப் போடாதே. ஞாயிற்றுக்கிழமை மறக்காமல் போன் செய். இதைப் பற்றிக் கேட்க வேண்டாம், சும்மா ஏதாவது பேசிக்கொண்டிரு, போதும்.

உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும்
அம்மா