உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம் என்ன?

மார்ச் 2
கடை திறக்கும் முன்

அகில உலகச் சோதனைக் குழாய்களின் பேரரசியும், என் அக்கா பெற்றுப்போட்ட ஒரே அணுகுண்டுமான மருமகளுக்கு,

பூட்டுகளின் சிம்மசொப்பனமாகிய உன் மாமா எழுதிக்கொள்வது. நான் குத்துக்கல்லாட்டம் இருக்கிறேன். நீயும் உன் மகள் வாண்டுவும் அதைவிட நன்றாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

கைபேசி இருக்கக் காகிதம் எதற்கு என்று கேட்பாய். நீ ரத்தத்தை முறைத்துப் பார்க்கும் ஆய்வுக்கூடத்துக்குள் போன் கூடாது. வெளியே வந்தால் அது வாண்டுவின் கையில். போன வாரம் நான் கூப்பிட்டபோது அவள் எடுத்து, "மாமாத் தாத்தா, நான் பிஸி" என்று வைத்துவிட்டாள். தவிர, இது ராஜாங்க ரகசியம்.

எங்கள் ஊர் மருத்துவமனைக்கு உனக்கு மாற்றல் வந்தால் என் பின்னறையில் குடியேறுவதாகச் சொன்னாய் அல்லவா? அந்த அறையில் ஏற்கெனவே ஒருவர் குடியிருக்கிறார். என் இரும்புப் பெட்டி. அதை இறக்கிவைத்த அன்று பூமி ஒரு பக்கம் சாய்ந்தது. அதிலிருந்துதான் எங்கள் தெருவில் மழைத்தண்ணீர் மேட்டை நோக்கி ஓடுகிறது. அதை விற்றால்தான் உனக்குக் கட்டில் போட முடியும். ஆகவே பழைய சாமான் விற்கும் கைபேசிச் சந்தையில் படத்தோடு விளம்பரம் போட்டேன்.

போட்டுவிட்டு மூக்குக்கண்ணாடியைக் கழற்றுவதற்குள் ஒருவர் வந்துவிட்டார்! கப்பல் கேப்டனாம். நடுக்கடலில் இருக்கிறாராம். அப்பாவுக்குப் பரிசாகப் பெட்டி வேண்டுமாம். பேரம் பேசவில்லை. பார்க்கவேண்டும் என்று கேட்கவில்லை. "ஐயா, உங்க முகத்துலயே நேர்மை தெரியுது" என்றார். நான் போட்ட படத்தில் என் முழங்கைதான் தெரிகிறது.

சந்தைக்குள் பேசினால் தாமதமாகுமாம். வேறு செயலிக்கு வரச்சொன்னார். அங்கே ஒரு லிங்க் அனுப்பினார். அதைத் தொட்டு என் கார்டு எண்ணையும், அப்புறம் வரும் ரகசிய எண்ணையும் அடித்தால் பணம் என் கணக்கில் அருவியாகக் கொட்டுமாம். லாரி தயாராம். ஒரு மணி நேரத்தில் லிங்க் காலாவதியாம்.

எனக்கு மகிழ்ச்சிதான். ஆனால் முதுகில் எங்கோ கை எட்டாத இடத்தில் அரிக்கிறது. என் தொழில் உனக்குத் தெரியும். சாவி தொலைந்தது, கதவைத் திறந்துவிடுங்கள் என்று எவர் வந்தாலும் நான் கேட்பது ஒரே கேள்வி: "உள்ள நுழைஞ்சதும் இடப்பக்கம் என்ன இருக்கு?" வீட்டுக்காரன் யோசிக்காமல் பதில் சொல்வான். கூடவே ஒரு புகாரும் சொல்வான். "செருப்பு ஸ்டாண்டுங்க, ஒரு கால் ஆடும்." புகார் சேர்ந்து வந்தால்தான் அது அவன் வீடு. "நல்ல சோபா ஒண்ணு இருக்குங்க" என்று ஒருத்தன் சொன்னான். நான் திருப்புளியை எடுத்துப் பைக்குள் வைத்துவிட்டேன்.

கேப்டனிடம் "என் அமைச்சர் தபாலில்தான் பதில் போடுவார், பொறுங்கள்" என்று சொல்லியிருக்கிறேன். அமைச்சரே, ஆணையிடுக.

இப்படிக்கு,
திறக்காத கதவைக் கண்டிராத உன் மாமா


மார்ச் 6

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். வாண்டுவுக்குச் சளி, மற்றபடி நலம். உங்கள் கடிதத்தை மதியச் சாப்பாட்டு நேரத்தில் படித்தேன். பாதியிலேயே டப்பாவை மூடிவைத்துவிட்டு இதை எழுதுகிறேன்.

மாமா, அந்தக் கேப்டன் திருடன். லாரியும் இல்லை, அப்பாவும் இல்லை. ரத்தத்தைப் பார்த்து நோய் சொல்கிறவள் சொல்கிறேன், இதில் ஒவ்வோர் அறிகுறியும் இருக்கிறது. பொருளைப் பார்க்காமல், பேரம் பேசாமல் வாங்குகிறான். சந்தையின் கண் படாத வேறு செயலிக்கு உங்களை இழுக்கிறான். யோசிக்க விடாமல் கடிகாரத்தைக் காட்டுகிறான். அந்த லிங்க்கில் திறக்கும் பக்கம் சந்தையின் பக்கம் மாதிரியே இருக்கும். மேலே முகவரியை நிதானமாகப் பாருங்கள், வேறாக இருக்கும்.

உங்கள் கடை மொழியிலேயே சொல்கிறேன். கதவிடுக்கு வழியாகக் கடிதம் போடுகிறவனுக்கு வீட்டுச்சாவி எதற்கு? பணம் கொடுக்கிறவனுக்கு உங்கள் ரகசிய எண் எதற்கு? அதைக் கேட்டாலே எடுக்க வருகிறான் என்று அர்த்தம்.

இப்போது நேராகக் கேட்கிறேன். ஏற்கெனவே தொட்டுவிட்டீர்களா? அரிக்கிறது என்று எழுதினீர்களே தவிர, தொடவில்லை என்று எங்கேயும் எழுதவில்லை. உங்கள் அலங்காரத்துக்குள் எதை ஒளிப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். தொட்டிருந்தால் உடனே வங்கிக்குப் போய்க் கார்டை முடக்குங்கள். கோபித்துக்கொள்ள மாட்டேன்.

இன்னொன்று. இவர்கள் இப்போது சொந்தக்காரர்கள் பெயரிலும் வருகிறார்கள். "போன் உடைஞ்சுடுச்சு, இது புது நம்பர், அவசரம், பணம் அனுப்புங்க" என்று வரும். குரலைக்கூட நகல் எடுக்கிறார்கள். என் பெயரில் வந்தாலும் நம்பாதீர்கள். உங்கள் கேள்வியைக் கேளுங்கள்.

மாற்றலுக்கு இந்த மாதக் கடைசிக்குள் சம்மதம் எழுதிக் கொடுக்க வேண்டும். நான் இன்னும் கொடுக்கவில்லை. அங்கே வந்து, அறையையும் வாண்டுவுக்கான பள்ளியையும் பார்த்துவிட்டு முடிவு செய்கிறேன். லீவு கிடைக்கிற அன்று கிளம்பிவிடுவேன். ஊர் வந்து இறங்கியதும் போன் செய்கிறேன்.

அன்புடன்,
உங்கள் அணுகுண்டு


மார்ச் 14
வெற்றிப் பெருவிழா முகாமிலிருந்து

எட்டுத்திக்கும் புகழ் மணக்கும் அமைச்சர் பெருமாட்டிக்கு,

முரசு கொட்டட்டும்! கேப்டனைக் கப்பலோடு கவிழ்த்துவிட்டேன்!

முதலில் உன் குறுக்கு விசாரணைக்குப் பதில். தொட்டேன். தொட்டு, கார்டு எண்ணில் பாதிவரை அடித்தேன். மீதி எண்கள் தேய்ந்திருந்தன; பூதக்கண்ணாடி தேடப் போன இடத்தில் ஒரு வாடிக்கையாளர் வந்துவிட்டார். ஆக, என் சொத்தைக் காப்பாற்றியது, தன் வீட்டுக் கழிப்பறையில் தன்னையே பூட்டிக்கொண்ட ஒரு கணக்கு வாத்தியாரின் மனைவி ஓடிவந்த ஓட்டம்! உன் கடிதம் கண்டதும் வங்கிக்குப் போய் அந்தக் கார்டையும் முடக்கிவிட்டேன். திருப்தியா?

பிறகு போர். ஒரு மணி நேரத்தில் சாகவேண்டிய லிங்க், வாரம் முழுக்கச் செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தது. கேப்டனிடம் கேட்டேன்: "பெட்டியைத் திறந்ததும் உள்ள இடப்பக்கம் என்ன இருக்கு சார்? மூணாவது போட்டோல பளிச்சுனு தெரியுதே."

"ஐயா, டைம் இல்ல. லாரி கிளம்பிடுச்சு."

"லாரிக்காரர் வந்து பார்த்துச் சொல்லட்டும், நான் காத்திருக்கேன்."

அதற்கு அவர் எழுதிய பதிலைக் காகிதத்தில் எழுதினால் தபால்பெட்டி தீப்பிடிக்கும். சந்தைக்காரர்களிடம் புகார் கொடுத்தேன். மறுநாள் கேப்டன் காற்றில் கரைந்துவிட்டார்.

இத்தோடு முடிந்ததா? இல்லை! அவர் படையிலிருந்து அடுத்த ஆள் நேற்று நண்பகலில் வந்தாள். யார் வேஷத்தில் தெரியுமா? உன் வேஷத்தில்!

புது நம்பர். "மாமா, நான்தான். பஸ்ஸை விட்டு இறங்கும்போது போன் தண்ணியில விழுந்துடுச்சு. இது டீக்கடை அக்காவோட போன். என் பணமெல்லாம் அந்த போன்லதான். ஆட்டோவுக்கு இந்த நம்பருக்குக் கொஞ்சம் அனுப்புங்க."

அடடா, நீ சொன்ன இலக்கணம் ஓர் எழுத்துப் பிசகாமல்! நான் விடுவேனா? "உள்ள நுழைஞ்சதும் இடப்பக்கம் என்ன?" என்று கேட்டேன்.

பதில் வரவில்லை. கொஞ்சம் கழித்து, "விளையாடாதீங்க மாமா. குழந்தை அழறா" என்று வந்தது. பதில் தெரியாதவர்கள் எல்லாருமே குழந்தையைத்தான் அழவிடுகிறார்கள். மறுபடியும் கேட்டேன். உடனே அழைப்பு வந்தது. என்ன நகல், என்ன நகல்! உன் குரல் அச்சு அசல். கோபம் வந்தால் உனக்கு மூச்சு வாங்குமே, அதைக்கூட விடவில்லை. பின்னால் ஒரு குழந்தை அழுகை வேறு சேர்த்திருந்தார்கள். "நடிப்பு பிரமாதம், திருடி!" என்று கைதட்டிவிட்டு வைத்தேன். அந்த நம்பரையும் முடக்கினேன்.

உன் மாணவன் எப்படி? நீ எப்போது வருகிறாய்? பெட்டி இன்னும் விற்கவில்லை. சந்தேகப்பட்டே எல்லாரையும் விரட்டிவிட்டேன். போன் செய்தால் உன் போன் அணைந்தே கிடக்கிறது. வாண்டு ஒளித்துவைத்தாளா?

இப்படிக்கு,
மோசடி மன்னர்களின் முடிவுரை, உன் மாமா


மார்ச் 18

மாமாவுக்கு,

அது நான்தான்.

தேதி சொல்லாமல் கிளம்பினேன், உங்களை ஆச்சரியப்படுத்தலாம் என்று. பஸ் படியில் இறங்கும்போது வாண்டு கையை உதறினாள். போன் ஓடைத் தண்ணீரில் போய்விட்டது. டீக்கடை அக்கா தன் போனைக் கொடுத்துவிட்டு, நீங்கள் கைதட்டியதையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தார். "யாருமா அது? சொந்த மாமாவா?" என்றார். போனைத் திருப்பிக் கொடுத்தேன்.

ஆட்டோ பிடித்து வந்திருக்கலாம், கதவைத் தட்டியிருக்கலாம் என்பீர்கள். கால் வரவில்லை. அந்த அக்காவே டிக்கெட் எடுத்துக் கொடுத்தார். அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டோம். "மாமாத் தாத்தா ஏன் நம்மள திருடினு சொன்னாரு?" என்று வாண்டு வழியெல்லாம் கேட்டாள்.

நம்பாதீர்கள் என்று நானேதான் எழுதினேன். அதில் உங்கள்மேல் தப்பு இல்லை. என்னை உலுக்கியது கேள்வி. இரண்டாவது தடவை நீங்கள் கேட்டபோது, பதிலை எழுதப் போனேன். தெரியவில்லை, மாமா. அத்தை கண்மூடிய பிறகு நீங்கள் யாரையும் உள்ளே கூப்பிடவில்லை. நான் வந்தபோதெல்லாம் கடையிலேயே ஸ்டூல் போட்டு, சிரிக்கவைத்து, பஸ் ஏற்றி அனுப்பிவிட்டீர்கள். என்னிடம் இருந்தது பழைய பதில். அது தப்பாகிவிட்டால் நான் யாரோ ஒருத்தி ஆகிவிடுவேன் என்று பயந்தேன்.

சம்மதக் கடிதம் என் மேஜையில்தான் இருக்கிறது. கையெழுத்துப் போடவில்லை. இடப்பக்கம் என்ன என்று தெரியாத வீட்டுக்குக் குழந்தையோடு வருவதா என்று யோசிக்கிறேன். போன் பழுதுபார்க்கிற கடையில் கிடக்கிறது, ஆகவே கூப்பிடவேண்டாம்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

மருமகள்


மார்ச் 21

மருமகளுக்கு,

உன் கடிதம் வந்தது. அன்று கடை திறக்கவில்லை.

உன்னை ஐந்து வருஷமாக உள்ளே கூப்பிடாதவன், உள்ளே என்ன இருக்கிறது என்று உன்னிடமே கேட்டிருக்கிறேன்.

பஸ் நிலையத்துக்குப் போனேன். டீக்கடை அம்மாவிடம் டிக்கெட் காசைக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டார். டீ கொடுக்கவில்லை.

பெட்டி போய்விட்டது. பேக்கரி வைத்திருக்கும் அம்மா நேரில் வந்தார். தட்டிப் பார்த்தார், உள்ளே தலையை விட்டுப் பார்த்தார், துரு என்றார், கீல் கத்துகிறது என்றார், மதியம்வரை பேரம் பேசினார். கையில் பணம் கொடுத்து எடுத்துப்போனார். பின்னறை காலியாக இருக்கிறது. ஜன்னலைத் திறந்து கழுவிவிட்டேன். சாவி ஒன்றை இந்த உறைக்குள் வைத்திருக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் இடப்பக்கம், சுவரில் ஓர் ஆணி. உன் அத்தை குடை மாட்டியது. குடை இப்போதும் அதில்தான் இருக்கிறது. அதற்குக் கீழே, குழந்தையின் கை எட்டும் உயரத்தில், இன்று இன்னோர் ஆணி அடித்தேன். வாண்டுவின் பைக்கு.

மாமா


மார்ச் 25
அஞ்சலட்டை

மாமாவுக்கு,

உங்கள் கையெழுத்தில் ஒரு கடிதம் வந்திருக்கிறது. முழுக்கப் படித்துப் பார்த்தேன். ஒரு புளுகுகூட இல்லை. யாரோ உங்கள் பெயரில் மோசடி செய்கிறார்கள் என்று சந்தேகப்படுகிறேன். நீங்கள்தான் என்றால், பேக்கரி அம்மாவின் பெட்டியை எத்தனை பேர் தூக்கினார்கள் என்று உடனே பதில் போடவும். நம்பமுடியாத எண்ணிக்கை வந்தால் மட்டுமே வாண்டு நம்புவாளாம்.

அந்த மேல் ஆணி ஆடும், மாமா. எப்போதுமே ஆடும். அத்தையின் குடை மூன்று தடவை என் தலையில் விழுந்திருக்கிறது. நாங்கள் வருவதற்குள் அதை இறுக்கி அடித்துவையுங்கள்.