முதுகில் பெயர் இல்லாத அணி

தம்பிக்கு,

செவ்வாய்க்கிழமை காலை சரியாக ஒன்பது மணிக்கு, நம் கல்லூரி ஃபுட்பால் அணியின் புதிய பயிற்சியாளர் வரலாற்று முடிவொன்றை அறிவித்தார். இனி வீரர்களின் சட்டை முதுகில் பெயர் இருக்காது.

ஊர் இரண்டுபட்டது. முடிவெட்டும் வெண்டல் என் காதருகே கத்தரியை நிறுத்திவிட்டுச் சொன்னான்: "பழைய பசங்கள அனுப்பிட்டு அறுபது பேர வெளியூர்லேருந்து கூட்டியாந்திருக்கான். பேரு போட்டா மட்டும் யாருன்னு தெரியப்போவுதா?"

இந்த ஆள் அணியைக் கட்டவில்லை, கடையில் வாங்குகிறார் என்றேன். செப்டம்பரில், அரங்க வாசலில் இறைச்சி வாட்டிக்கொண்டே உன்னிடம் சொன்னதும் அதைத்தான். அவருக்கு ஒரு வருடம் கொடுக்கச் சொன்னாய். அதற்கு நான் சொன்ன பதிலை இங்கே எழுத வேண்டியதில்லை. அன்றிலிருந்து நீ ஆட்டத்துக்கு வருவதில்லை.

நேற்று ஜெயித்தோம், பதினான்கு தோல்விகளுக்குப் பிறகு. கடைசி நிமிடத்தில் ஒருவன் பந்தைக் கையில் அணைத்துக்கொண்டு ஓடி எதிரணியின் எல்லைக்கோட்டைத் தாண்டினான். பெயர் தெரியாததால் அரங்கமே சட்டை எண்ணைச் சொல்லி "முப்பத்தொண்ணு, முப்பத்தொண்ணு" என்று கத்தியது. காலியாக இருந்த உன் இருக்கையில் வைத்திருந்த என் குளிர்ச்சட்டையைத் தூக்கி எறிந்து நானும் கத்தினேன்.

"கடையில வாங்குனதுன்னு சொன்னீங்களே?" என்றாள் பக்கத்து இருக்கை டார்லீன்.

"நல்ல கடை" என்றேன். அவள் சிரித்து முடிக்க வெகுநேரம் ஆயிற்று.

பெரிய வெற்றி என்றால் செய்யும் வழக்கப்படி மாணவர்கள் கோல் கம்பத்தைப் பிடுங்கி ஆற்றுக்குத் தூக்கிப் போனார்கள். அறுபத்துமூன்று வயதில் நானும் கூடவே ஓடி, ஒரு துண்டு அறுத்து வாங்கினேன். எட்டடி நீளம். என் வண்டியின் பின்னால் கிடக்கிறது. இறக்க இரண்டு ஆள் வேண்டும்.

உன் அண்ணன்