கோட்டை பார்க்கத் தகுதித் தேர்வு

ஆகஸ்ட் 4
மச்சான் குடும்பம் பழைய தலைநகரைச் சுற்றிவிட்டு வந்திருக்கிறது. முந்நூறு படங்கள். ஒன்றிலாவது கோட்டை முழுசாகத் தெரிய வேண்டுமே! எல்லாவற்றிலும் இவன் தொப்பைதான். கோட்டையைக் கட்டியது யார் என்று கேட்டேன். "யாரோ ஒரு ராஜா, மாமா" என்றான். விளங்கிடும்.

நாங்கள் அக்டோபரில் போகிறோம். மழைக்காலம், ஈ காக்கா இருக்காது. பிள்ளைகள் நாலு நாள் பள்ளிக்கு மட்டம் போட்டால் குடி முழுகிவிடாது.

ஆகஸ்ட் 9
இருபது வருஷமாகக் கல்லூரியில் வரலாறு நடத்துகிறேன். என் பிள்ளைகளும் அங்கே வாயைப் பிளந்துகொண்டு நிற்பதா? இனி ஞாயிறுதோறும் பாடம். கடைசியில் தேர்வு. ஐம்பதுக்கு முப்பது எடுக்காதவர் வீட்டிலேயே இருக்கலாம்.

"பிள்ளைங்களோட நாலு நாள் சந்தோஷமா இருக்கணும்னுதானே கெளம்புனீங்க?" என்கிறாள் மனைவி. அதற்குத்தானே இவ்வளவும்! வருஷத்தில் அவர்களோடு நான் இருக்கப்போவதே இந்த நாலு நாள்தான். இவளுக்குப் புரிந்தால்தானே.

ஆகஸ்ட் 23
சின்னவனுக்கு ஒன்பது வயது. அகழியில் நீந்த விடுவார்களா என்று கேட்கிறான். தாய்மாமன் புத்தி.

செப்டம்பர் 6
பெரியவள் அபாரம். கோட்டையின் மூன்று முற்றுகைகளையும் வருஷம் பிசகாமல் ஒப்பித்தாள், பன்னிரண்டு வயதில்! முகத்தைத்தான் உம்மென்று வைத்திருந்தாள். என்னவாம்?

செப்டம்பர் 27
தேர்வு. சின்னவன் பன்னிரண்டு மதிப்பெண். எதிர்பார்த்ததுதான், கருணை மதிப்பெண் போட்டுத் தேற்றிவிடலாம் என்றிருந்தேன்.

பெரியவள் வெறும் தாளைக் கொடுத்தாள். கொழுப்பு! ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தால் — எல்லாவற்றையும் எழுதி ரப்பரால் அழித்திருக்கிறாள். பென்சில் தடம் அப்படியே இருக்கிறது. அரசர் வரிசை, முற்றுகை, வருஷம் — ஒரு தப்பு இல்லை. ஐம்பதுக்கு ஐம்பது.

"ஏம்மா அழிச்சே?"

"ஃபெயிலானா வர வேணாம்னு நீங்கதானேப்பா சொன்னீங்க."

என்கூட வரக் கூடாதுன்னு உக்காந்து அழிச்சிருக்கா. அவ்வளவு கசந்துபோயிட்டேனா நான்? அப்படி என்னத்தப் பண்ணிட்டேன்?

செப்டம்பர் 28
மனைவி "அப்பவே சொன்னேன்ல" என்று சொல்லித் தொலைத்திருக்கலாம்.

அக்டோபர் 5
தலைநகர் பயணத்தை ரத்து செய்தேன். எங்கே போகலாம், நீங்களே சொல்லுங்கள் என்றேன். "கடலுக்கு!" என்று குதித்தான் சின்னவன்.

பெரியவள், "நீங்களும் வரீங்களாப்பா?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள், "இல்ல, உங்களுக்குக் காலேஜ்ல வேலை இருக்கும்ல" என்று சாக்கையும் அவளே எடுத்துக் கொடுத்தாள்.

ஆமாம், இருக்கிறது என்றேன்.