கடைக்காரனின் ஆங்கிலம்

வியாழன் இரவு, கிளென் ஈடன், ஆக்லாந்து.

ரொறன்ரோ மேடைகளில் அரசனாக நடித்தவன் நான். ஆக்லாந்தில் எடுக்கிற இந்தத் தொலைக்காட்சித் தொடரில் கடைக்காரன். இன்றும் இயக்குநர் இன்னும் கொஞ்சம் தமிழ் ஆக்சென்ட் வேண்டும் என்றார். தலையை ஆட்டி, நாக்கை மடித்து ஆங்கிலத்தை உருட்டினேன். எல்லோரும் சிரித்தார்கள்.

என் மனைவியாக நடித்தவர் மனுரேவாவில் இருக்கும் மலர் அக்கா. வெயார்ஹவுஸ் வேலைக்கு லீவு போட்டுவிட்டு முதல் தடவையாக நடிக்க வந்திருந்தார். ஒரே ஒரு வசனம். அவருடைய இயல்பான ஆங்கிலம் இயக்குநருக்குப் பிடிக்கவில்லை.

இடைவேளையில் தேநீரோடு என்னிடம் வந்தார்.

"தம்பி, நான் கதைக்கிறது தமிழ் ஆக்கள் மாதிரி இல்லையாம். உங்களை மாதிரிக் கதைக்கட்டாம். ஒருக்காச் சொல்லித் தாங்கோவன்."

மறுத்திருக்கலாம். சொல்லிக்கொடுத்தேன். அக்கா வெட்கத்தோடு திருப்பித் திருப்பிச் சொல்லிப் பார்த்தார். அடுத்த டேக்கில் இயக்குநர் கைதட்டினார்.

போகும்போது அக்கா கேட்டார்: "நல்லாச் செய்யிறீங்கள் தம்பி. உந்தப் பேச்சை ஆரிட்டைப் பழகினனீங்கள்?"

"நாடகப் பள்ளியில" என்றேன்.

அது அப்பாவின் ஆங்கிலம். பெட்ரோல் நிலையத்தில் வேலைக்கு நின்று அப்படிப் பேசித்தான் அவர் என்னை நாடகப் பள்ளிக்கு அனுப்பினார்.