உங்கள் ஜீப்பின் மூன்றாவது இன்ஜின்

பாய்,

நேற்று மாலை கொரட்டூரில் கரண்ட் போயிற்று. எங்கள் அடுக்கு வீட்டின் கீழே ஜெனரேட்டரைப் போட்டார்கள். முதல் இரண்டு உறுமலில் கிளம்பும் வெள்ளைப் புகை மூன்றாம் மாடி வரை ஏறி வந்தது. எதிர் வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த கோயம்புத்தூர்த் தம்பதி மூக்கைப் பிடித்துக்கொண்டு பால்கனிக் கதவைச் சாத்தினார்கள். நான் என் கதவைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றேன். பாதி எரிந்த டீசலின் வாடை. நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. அந்த வாடை மூக்கில் ஏறியதும், பூந்தமல்லியில் உங்கள் மெத்தைக் கடைக்குப் பின்னால் இருக்கும் தகரக் கொட்டகையில் போய் நின்றுவிட்டேன்.

ஓய்வு பெற்ற புதிதில் தலையணை வாங்கத்தான் உங்கள் கடைக்கு வந்தேன். பஞ்சு எடுக்க நீங்கள் பின்பக்கம் போனபோது, திறந்த கதவு வழியாக அந்த ஜீப் தெரிந்தது. உங்கள் தகப்பனார், உங்கள் வாயில் அத்தா, ஏலத்தில் எடுத்த பழைய பெட்ரோல் ஜீப். மூடியைத் திறந்து வைத்திருந்தீர்கள். உள்ளே இன்ஜினே இல்லை. "பெட்ரோல் இன்ஜின் வெடிப்பு வுட்டுச்சு. டீசல் இன்ஜின் ஒண்ணை ஏத்தப்போறேன்" என்றீர்கள். ஒரு வண்டிக்காகச் செய்த இன்ஜின் இன்னொரு வண்டியில் எப்படி உட்காரும் என்று கேட்டேன். "அதானே வாத்யாரே விளையாட்டு!" என்று சிரித்தீர்கள். தலையணையைக் கடையிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அதை எடுக்க வந்தவன், நாலு வருஷம் ஒவ்வொரு ஞாயிறும் வந்தேன்.

முப்பத்திரண்டு வருஷம் பௌதிகம் நடத்தியவன் நான். டீசல் இன்ஜினில் தீப்பொறி கிடையாது என்று ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். சைக்கிளுக்குக் காற்றடிக்கும்போது பம்பின் அடிப்பக்கத்தைத் தொட்டுப் பாருங்கள், சுடும். காற்றை நெருக்கினால் சூடாகும். இருபது பங்குக் காற்றை ஒரு பங்கு இடத்துக்குள் நெருக்கினால் அதில் தெளிக்கிற டீசல் தானாகவே பற்றிக்கொள்ளும் என்று உதாரணம் சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு தடவைகூடப் பக்கத்தில் நின்று பார்த்ததில்லை. அதை உங்களிடம் சொன்னபோது கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தீர்கள். "சமைக்கத் தெரியும், சாப்ட்டதில்லன்ற மாதிரி இல்ல கீது!"

முதலில் ஏற்றிய இன்ஜின் கனம் தாங்காமல் ஜீப்பின் முன்பக்கம் மண்டியிட்டுவிட்டது. இரண்டாவது, ஓட்டிப் பார்ப்பதற்குள் உள்ளே இறுகிப்போனது. மூன்றாவதாக, விபத்தில் நசுங்கிய ஒரு லோடு வண்டியின் இன்ஜினைப் புதுப்பேட்டைப் பழைய உதிரிபாகக் கடைகளிலிருந்து கொண்டுவந்தீர்கள். அன்று உங்கள் வீட்டம்மா கொட்டகை வாசலில் வந்து நின்று தீர்ப்புச் சொன்னார்.

"இதான் கடைசி. இதுவும் பூட்ச்சுன்னா, மறுநாளே பழைய இரும்புக்கு எடுத்துகினு போக காயலான் கடைக்காரன் வருவான். நான் பேசி வெச்சுட்டேன்."

"எங்க அத்தா வண்டிமா அது!"

"உங்க அத்தா ஓட்டுனாரு. நீங்க நாலு வருஷமா ஒக்காந்து பாத்துகினு கீறீங்க. சார், நீங்களாவது சொல்லக் கூடாதா?"

என் சட்டையிலும் கிரீஸ் இருந்தது.

அந்த இன்ஜினை நீங்கள் உட்காரவைத்த விதத்தை இப்போது நினைத்தாலும் எனக்கு மலைப்பாக இருக்கிறது. இன்ஜினின் துளைகள் ஒரு இடத்தில், பழைய கியர் பாக்ஸின் துளைகள் வேறு இடத்தில். நடுவில் ஓர் இரும்புத் தகடு வேண்டும். அளவுகோலை நீங்கள் தொடவே இல்லை. மெத்தை வந்த அட்டைப் பெட்டியைக் கிழித்து, கியர் பாக்ஸின் முகத்தில் வைத்து, கிரீஸ் கையால் ஒத்தியெடுத்தீர்கள். துளைகளின் விளிம்புகள் கறுப்பு வளையங்களாக அட்டையில் பதிந்தன. இன்ஜின் பக்கமும் அதே போல. இரண்டு அட்டைகளையும் வெளிச்சத்தில் ஒன்றின் மேல் ஒன்று பிடித்து, நடு மையம் பொருந்தும்வரை மயிரிழை மயிரிழையாக நகர்த்தினீர்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் அந்த அட்டையைக் கொடுத்துத் தகடு கடைந்து வந்தோம். பன்னிரண்டு போல்ட்டும் விரலால் திருகியே உள்ளே போயின. நான் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். நீங்கள் டீ கேட்டீர்கள்.

உங்கள் கொட்டகையில் ஒரு சட்டம் உண்டு. மிச்சமிருக்கும் வேலைகளைச் சாக்பீஸால் ஜீப்பின் மூடியில் எழுத வேண்டும். ஒரு வேலை முடிந்தால், அதைச் செய்தவர் அழிக்கக் கூடாது. இன்னொருவர் போய், கண்ணால் பார்த்து, கையால் தொட்டு, பிறகுதான் அழிக்க வேண்டும். சாக்பீஸ் என்பதால் அந்தப் பொறுப்பு எனக்கு வந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலை மூடியில் நாலு வரிதான் மிச்சம். ரேடியேட்டருக்குத் தண்ணீர். காற்று வடிகட்டி. சக்கரத்துக்குப் போகும் ஷாஃப்ட். நிறுத்தும் ஒயர். டீசல் இன்ஜினைச் சாவியால் அணைக்க முடியாது. தீப்பொறி இருந்தால்தானே அணைப்பதற்கு? டீசல் போவதை நிறுத்த வேண்டும். அதற்கு டாஷ்போர்டில் ஒரு குமிழ், அதிலிருந்து பம்ப் வரை ஒரு ஒயர்.

"அடுத்த வாரம் ஸ்டார்ட் பண்லாம்" என்றீர்கள்.

"பத்து விநாடி, பாய். தண்ணீர் இல்லாமல் பத்து விநாடி ஓடினால் ஒன்றும் ஆகாது என்று நீங்களே சொல்லியிருக்கிறீர்கள்."

"இன்னா வாத்யாரே, பசங்க மாதிரி?" என்று என்னை ஒரு கணம் பார்த்தீர்கள். "சரி. ஒயர் மாட்டியாச்சான்னு மட்டும் பாருங்க."

போய்ப் பார்த்தேன். டாஷ்போர்டில் குமிழ் பளபளவென்று இருந்தது. வந்து அந்த வரியை அழித்துவிட்டேன். ஒயரின் மறுமுனையை நான் பார்க்கவில்லை, தொடவில்லை.

நீங்கள் சாவியைத் திருப்பினீர்கள். இரண்டு முறை முனகிற்று. மூன்றாவது முறை தரை அதிர்ந்தது. கொட்டகைத் தகரமெல்லாம் கடகடவென்று ஆடின. வெள்ளைப் புகை சுருண்டு வந்தது. ஒரு பொறி இல்லை, ஒரு நெருப்புக் குச்சி இல்லை. வெறும் காற்றை நெருக்கிய நெருக்கில் பிறந்த தீ. முப்பத்திரண்டு வருஷம் நான் சொன்னதெல்லாம் உண்மை! எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

பத்து விநாடியில் நீங்கள் குமிழை இழுத்தீர்கள். ஒயர் முழுவதும் கையோடு வந்தது.

ஒரு பாம்பைப் பிடித்தவர் போல அதைப் பார்த்தீர்கள். இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பேட்டரியைக் கழற்றினேன், ஓடியது. பம்பில் ஒரு சின்ன நெம்புகோல் உண்டு, ஆனால் சுழலும் விசிறியைத் தாண்டிக் கை போகாது. கியர் போட்டுத் திணறடித்து நிறுத்தலாமென்றால் ஷாஃப்ட் மாட்டவில்லை. ரேடியேட்டரில் சொட்டுத் தண்ணீர் இல்லை. இரும்பு சூடாகும் வாடை வரத் தொடங்கியது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் மூன்றாவது இன்ஜினும் இறுகிவிடும். அத்தாவின் வண்டி காயலான் கடைக்குப் போய்விடும்.

"காத்தை அடைக்கணும்! பலகை! ஒரு பலகை!" என்று கத்தினீர்கள். எனக்குப் பலகை எதுவும் கண்ணில் படவில்லை. சத்தம் கேட்டு ஓடிவந்த வீட்டம்மாவின் கையில் மாவு படிந்த சப்பாத்திப் பலகை இருந்தது. ஒரு கணம்கூட யோசிக்கவில்லை அவர். "இந்தாங்க!" என்று நீட்டினார். வடிகட்டி மாட்டாத காற்றுக் குழாயின் வாய்மேல் அதை வைத்தீர்கள். இன்ஜின் அதை உறிஞ்சிப் பிடித்துக்கொண்டது. இரண்டு முறை இருமியது. நின்றது.

ஆறும்வரை காத்திருந்து, இறுகிவிட்டதா என்று பார்க்க இன்ஜினின் முன்பக்கச் சக்கரத்தில் நீங்கள் கை வைத்தபோது, வீட்டம்மா வாய்க்குள் ஏதோ ஓதிக்கொண்டிருந்தார். திருப்பினீர்கள். வழுக்கிக்கொண்டு சுற்றியது.

"இன்னொரு தபா ஓட்டுங்க. நான் சரியா பாக்கல" என்றார் அவர்.

ஜீப் தப்பித்தது. ஆர்.டி.ஓ. ஆபீஸில் புது இன்ஜினைக் காட்டிப் புத்தகத்தில் ஏற்றினோம். மூன்று பேரும் பருத்திப்பட்டு ஏரி வரை போய்வந்தோம். ஆனால் மறுமுனையைப் பார்க்காமல் அழித்தேன் என்று நான் உங்களிடம் சொல்லவே இல்லை. நீங்களும் கேட்கவில்லை. ஒயர் எப்படிக் கழன்றது என்று கேட்டவர்களிடமெல்லாம், "நான்தான் மாட்ட மறந்துட்டேன்" என்றீர்கள். ஒவ்வொரு முறையும் நான் பக்கத்தில் நின்று டீ குடித்தேன். செய்த தப்பை ஒத்துக்கொள் என்று பிள்ளைகளிடம் எத்தனை ஆயிரம் தடவை சொல்லியிருப்பேன்!

உங்கள் நாற்பதாம் நாள் பாத்திஹாவுக்கு வந்திருந்தேன். எல்லோரும் போன பிறகு வீட்டம்மாவிடம் அதைச் சொன்னேன். அவர் முக்காட்டைச் சரிசெய்துகொண்டு சிரித்தார்.

"அவருக்கு அன்னிக்கே தெரியும், சார். சாவி போடறதுக்கு முன்னாடியே."

எனக்குப் புரியவில்லை.

"ஒயர் மாட்டலன்னு தெரியாது. நீங்க நின்னு பாக்காம அழிச்சது தெரியும். போன வேகத்துலயே திரும்பி வந்தீங்களாம். அப்ப நிறுத்தி இருக்கக் கூடாதான்னு நான் சண்டை போட்டேன். இன்னா சொன்னாரு தெரியுமா? 'வாத்யார் மூஞ்சியைப் பாத்தேன்மா. அந்த மூஞ்சிக்கு எப்படி அடுத்த வாரம்னு சொல்றது? ஒரு இன்ஜின் போனாப் போவுது.'"

அத்தாவின் வண்டி, பாய். கடைசி இன்ஜின். அதை என் முகத்துக்கு எதிரே வைத்து எடை போட்டிருக்கிறீர்கள். அன்று அந்தக் கொட்டகையில் நான் இன்ஜினைத் தவிர வேறெதையும் பார்க்கவில்லை. அதைவிடப் பெரிய ஒன்று கையில் சாவியுடன் எனக்கு முன்னால் உட்கார்ந்திருந்தது. எனக்கு இன்றுவரை மலைப்புத் தீரவில்லை.