அவ கெடக்கறா, நீ போடி

ஞாயிறு இரவு

படத்திலிருந்து என்னை அப்படிப் பார்க்காதே, கற்பகாம்பா தாயே, காலையில் நீச்சல் குளத்தில் நீயும்தான் இருந்தாய். இது போட்டி இல்லை, எல்லாக் குழந்தைகளும் எதிர்ச் சுவரைத் தொட்டால் போதும் என்று நீச்சல் கோச் முதலிலேயே சொல்லிவிட்டார். நான்தான் கேட்காமல், தம்பி மகள் தேஜு முதலாவதாக வரவேண்டும் என்று பிள்ளையாருக்குச் சிதறுகாய் வேண்டிக்கொண்டேன்.

பாதித் தூரத்தில் அவள் சிநேகிதி நஸ்ரின் மூச்சு வாங்கிக் கயிற்றைப் பிடித்துக்கொண்டாள். தேஜுவும் கூடவே நின்றுவிட்டாள்.

"அவ கெடக்கறா, நீ போடி! முந்துடி!" என்று கத்தினேன். நஸ்ரினின் அம்மா என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்.

இரண்டு பேரும் சேர்ந்து கடைசியாக வந்தார்கள். எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆட்டோவில் தேஜு என் முகத்தையே பார்க்கவில்லை. "அடுத்த வாரம் அம்மா வரட்டும். நீ வேணாம் அத்தே."

"உனக்காகத்தானேடி கத்தினேன்?"

"நஸ்ரின் அழுதுட்டா."

இந்த நாக்கில் சூடு வைத்தால் என்ன? அந்த அம்மாவிடம் மன்னிப்புக் கேட்கக்கூட வாய் வரவில்லை.

ஐயோ, இப்போதுதான் நினைவு வருகிறது. நான் துண்டே எடுத்துப் போகவில்லை. நஸ்ரினின் அம்மா, நடுங்கிக்கொண்டு நின்ற தேஜுவை முதலில் தன் துண்டால் துவட்டிவிட்டு, அந்த ஈரத் துண்டைத்தான் நஸ்ரினுக்குப் போர்த்தினார்.