உன் அம்மாவின் இரவல் பெயர்

சான் பிரான்சிஸ்கோ
9 மார்ச் 1988

அன்பு மகள் மே-கிட்டுக்கு,

நான் நலமாக இருக்கிறேன். முழங்கால் வலித்தாலும் மூன்று மாடியும் ஏறி இறங்குகிறேன். லண்டன் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் வயிற்றுக் குழந்தையும் சுகமாக இருக்க வேண்டும் என்பதே என் நினைப்பு. பிரசவத்துக்குப் பின் சாப்பிடச் சிவப்புப் பேரீச்சையும் கறுப்பு வினிகரும் பார்சலில் அனுப்பினேன், வந்து சேர்ந்ததா?

இந்தக் கடிதத்தைப் பென்சிலில் நான்கு முறை எழுதிப் பார்த்துவிட்டுத்தான் பேனாவை எடுத்தேன், இதுவும் சரியாக வருமா தெரியவில்லை. சென்ற ஞாயிறு தொலைபேசியில், பெண் பிறந்தால் அம்மாவின் நினைவாக லின்-ஃபா என்று பெயர் வைக்கப் போவதாகச் சொன்னாய். நம் சீனர்கள் மூத்தவர் பெயரைக் குழந்தைக்கு வைப்பதில்லையே என்று இழுத்தேன். "போங்கப்பா, இங்க எல்லாரும் பாட்டி பேரைத்தான் வைக்கிறாங்க" என்று நீ சிரித்ததும், நல்ல பெயர்தான் என்று சொல்லிவிட்டேன். அது என் கோழைத்தனம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. லின்-ஃபா உன் அம்மாவின் பெயரே இல்லை, கண்ணு.

அது ஆறு வயதில் காய்ச்சலில் இறந்துபோன வேறொரு சிறுமியின் பெயர். அவள் தகப்பன் வோங் இங்கே கடை வைத்திருந்தார், ஊரில் மகள் இறந்ததை அவர் அரசாங்கத்திடம் சொல்லவில்லை. அந்த நாளில் இங்கிருப்பவரின் பிள்ளை என்று காகிதம் இருந்தால்தான் நம்மவர்களை அமெரிக்காவுக்குள் விடுவார்கள். ஜப்பான்காரன் குண்டு போட்டபோது, மகளாவது பிழைக்கட்டும் என்று உன் பாட்டி வோங்கிடமிருந்து அந்தச் சிறுமியின் காகிதத்தை விலைக்கு வாங்கினாள். உன் அம்மாவுக்கு அப்போது பதின்மூன்று வயது. வீட்டுக்கு எத்தனை படி, கிணறு எந்தப் பக்கம், எந்தப் பல் முதலில் விழுந்தது என்று இறந்தவளின் வாழ்க்கையை மூன்று மாதம் மனப்பாடம் செய்தாள். இங்கே வந்து இறங்குபவர்களை விசாரிக்கும் தீவில் அடைத்து வைத்து அதிகாரிகள் கேட்டபோது ஒன்றுகூடத் தவறவில்லையாம். ஆனால் அதற்கு முன் ஹாங்காங் துறைமுகத்தில் பிரியும்போது, யாராவது காட்டிக்கொடுத்துவிடுவார்களோ என்ற பயத்தில் பாட்டி "லின்-ஃபா, லின்-ஃபா" என்றே கூப்பிட்டிருக்கிறாள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அம்மா திரும்பாமலே கப்பல் ஏறிவிட்டாள். கப்பல் நகர்ந்த பிறகுதான் உறைத்தது. அதன்பின் அவர்கள் சந்திக்கவே இல்லை.

நீ தெருவில் முன்னால் ஓடினாலும் அம்மா உன்னைப் பெயர் சொல்லி அழைக்கமாட்டாள், மூச்சிரைக்க ஓடிவந்து தோளைத் தொடுவாள். பாசமில்லாதவள் என்று ஒருமுறை அவளோடு சண்டை போட்டாய். கூப்பிட்டு நீ திரும்பாமல் போய்விட்டால் என்கிற பயம் அது. கல்லறை துடைக்கும் நாளில் சின்னக் கிண்ணத்தில் தனியாகச் சோறும் மிட்டாயும் வைப்பாளே, அது அந்தச் சிறுமிக்கு. கடைசியில் ஆஸ்பத்திரியிலும், "வாசல்ல சின்னப் பொண்ணு ஒண்ணு நிக்குதுங்க, பேரைத் திருப்பிக் குடுன்னு கேக்குது" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியும் அதிகாரிகளுக்குப் பயந்து கல்லறைக் கல்லில் அந்தப் பெயரையே வெட்டவைத்தேன். அம்மாவின் ஊர்க்காரியானதால் எல்லாம் தெரிந்த கீழ்வீட்டு லியோங் அத்தை நேற்று, "ஏன் வாத்தியாரே, ஊர்ப் பிள்ளைங்களுக்கெல்லாம் எழுத்துச் சொல்லிக்குடுத்தீரே, பெத்த பொண்ணுக்கு ஒரு பேரைச் சொல்ல நாக்கு சுளுக்கிக்கிச்சா? செத்த புள்ள பேரை வயித்துப் புள்ள தலையில ஏத்தப் போறீரா?" என்று பிடித்துக்கொண்டாள்.

ஆவி உண்டா இல்லையா என்று இவ்வளவு படித்தும் எனக்குத் தெரியவில்லை. உன் மகளை அந்தப் பெயரில் கூப்பிட வேண்டாம் என்பது மட்டும் தெரிகிறது. யாரிடமும் சொல்வதில்லை என்று அம்மாவுக்குக் கொடுத்த வாக்கை மீறிவிட்டேன், பொறுத்துக்கொள்வாளா தெரியாது. அவளுடைய சொந்தப் பெயரை வீட்டுக்குள் நான் உச்சரிக்கக்கூட அவள் விட்டதில்லை. கடைசியில் என் கையெழுத்தோடு சேர்த்து எழுதுகிறேன். அதையும் குழந்தைக்கு வைக்காதே. ஒரு முறை வாய்விட்டுச் சொல், போதும்.

சுகப்பிரசவம் ஆகட்டும், தாயும் பிள்ளையும் நீடு வாழுங்கள். பிறந்தபின் ஒரு மாதம் பச்சைத் தண்ணீரில் கை வைக்காதே.

உன் அப்பா சின் போக்-லாம்,
மோய் சுக்-யின்னின் கணவன்